மின்சாரக் காரில் பாட்டிக்கு எந்த ஆசனம்?

ஏழு பேர் வண்டியில் எத்தனை பேர் சுகமாக உட்காரலாம்? வரப்போகும் கார்களைப் பற்றி ஒரு கணக்கு

மின்சாரக் காரில் என்ஜின் கிடையாது. பெட்ரோல் டாங்கி கிடையாது. புகைக் குழாயும் கிடையாது.

இத்தனையும் இல்லை என்றால் உள்ளே இடம் தாராளமாக இருக்க வேண்டும் அல்லவா? தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பமே காலை நீட்டி உட்கார்ந்து போகலாம் அல்லவா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கார் கம்பெனிகளைக் கேட்டால் கதை வேறு. ஐந்து பேர் உட்காரும் மின்சாரக் காரைச் செய்வது சுலபம். ஏழு பேருக்கு ஆசனம் போடுவதுதான் பெரும் பாடு!

ஜீப்பைப் போல உயரமாக நிற்கும் காருக்கு எஸ்.யு.வி. என்று பெயர். இந்தியக் குடும்பங்களுக்கு இப்போது அதன் மேல்தான் ஆசை. 2025-ம் ஆண்டில் மட்டும் இந்த ரகத்தில் பல மின்சார வண்டிகள் வந்தன. சென்னைக்கு அருகே உள்ள தொழிற்சாலையில் இருந்து ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. டாட்டாவின் ஹாரியர் மின்சார வண்டி வந்தது. தூத்துக்குடியில் இருந்து வியட்நாம் நாட்டுக் கம்பெனியான வின்பாஸ்டின் வி.எப்.6, வி.எப்.7 வண்டிகள் வந்தன. எல்லாமே ஐந்து பேர் வண்டிகள்தான்!

ஏழு பேர் ஏறும் மின்சார வண்டிகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் வந்தன. 2025 ஜூலையில் கியா கம்பெனி காரென்ஸ் கிளாவிஸ் மின்சார வண்டியை வெளியிட்டது. ஆரம்ப விலை ரூ.17 லட்சத்து 99 ஆயிரம். அதே ஆண்டு நவம்பரில் மகிந்திரா கம்பெனி எக்ஸ்.இ.வி. 9 எஸ் வண்டியை வெளியிட்டது. அதன் ஆரம்ப விலை ரூ.19 லட்சத்து 95 ஆயிரம்.

இனி வரப்போகும் வண்டிகளில் ஆசனங்கள் எப்படி இருக்கும்? ஏழா, ஆறா, ஐந்தா? கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியுமா? இருபது லட்ச ரூபாயைக் கடனாக வாங்கிக் கார் வாங்க நினைக்கும் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலுக்கு அடியில் பாட்டரி

பெட்ரோல் கார்களில் பாரமான என்ஜின் பெரும்பாலும் முன்னால் இருக்கிறது. மின்சாரக் காரில் பாரமான பொருள் பாட்டரி. அது சில நூறு கிலோ எடை உள்ளது. அவ்வளவு பாரத்தை ஒரு மூலையில் வைக்க முடியாது. ஆகவே, ஒரு பெரிய பலகையைப் போலச் செய்து, காரின் அடியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பரப்பி விடுகிறார்கள்.

இதனால் நன்மை உண்டு. பாரம் கீழே இருப்பதால் வண்டி வளைவில் ஆட்டம் காணாது. தரை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும். சில பெட்ரோல் கார்களில் பின் ஆசனத்தின் நடுவில் உட்காருபவர் படும் பாட்டைப் பார்த்திருக்கலாம். தரையின் நடுவே ஒரு மேடு இருக்கும். அவர் அதன் இரு பக்கமும் காலை வைத்துக்கொண்டு தவிப்பார். மின்சாரத்துக்கென்றே புதிதாக அமைத்த காரில் அந்த மேடு இல்லை. நடுவில் உட்காருபவருக்கு விடிவு காலம் பிறந்துவிட்டது!

தீமையும் உண்டு. பாட்டரியின் கனம் சுமார் நாலைந்து அங்குலம். அந்த அளவுக்குக் காரின் தரை உயர்ந்துவிடுகிறது.

தரையை உயர்த்தினால் ஆசனத்தையும் உயர்த்த வேண்டியதுதானே? உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். கூரையையும் உயர்த்தினால்? ஓடும்போது காற்று அதிகமாக எதிர்க்கும். காற்று எதிர்த்தால் பாட்டரி சீக்கிரம் தீரும். 500 கிலோ மீட்டர் ஓட வேண்டிய வண்டி குறைந்த தூரத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே தரை மட்டும் உயர்கிறது. ஆசனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இங்கேதான் சங்கடம் ஆரம்பம் ஆகிறது.

நாற்காலியும் மணையும்

நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும். தொடை முழுவதும் பலகையில் படியும். உடம்பின் பாரம் தொடையிலும் இடுப்பிலும் பரவும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

கல்யாண வீட்டில் மணையில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? சம்மணம் போட்டால் சரி. காலை முன்னால் வைத்தால் முழங்கால் மேலே எழும்பிவிடும். தொடைக்கு அடியில் ஆதாரம் இருக்காது. உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பின் மேல் விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் சிறிது நேரத்தில் எழுந்துவிடுவார்கள்.

தரை உயர்ந்த காரின் பின் ஆசனமும் இப்படித்தான். ஆசனத்துக்கும் தரைக்கும் நடுவே உயரம் குறைந்தால் நாற்காலி மணையாக மாறிவிடுகிறது. இரண்டாவது வரிசையில் இது ஓரளவு தெரியும். மூன்றாவது வரிசையில் நன்றாகவே தெரியும். ஏனென்றால், அங்கே கூரையும் சரிந்து இறங்குகிறது.

சென்னையில் இருந்து மதுரைக்குப் போகும் குடும்பத்தில், மூன்றாவது வரிசையில் உட்காருபவர் ஏழு மணி நேரத்துக்கு மேல் மணையில் உட்கார்ந்து போவதாக வைத்துக்கொள்ளலாம். அது யார்? காரின் சொந்தக்காரர் அங்கே உட்காரமாட்டார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். குழந்தைகளோ, வீட்டில் வந்து தங்கியிருக்கும் உறவினரோதான் அங்கே போவார்கள். எதிர்த்துப் பேசத் தெரியாதவர்களுக்கே கடைசி வரிசை கிடைக்கிறது!

சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

மூன்றாவது வரிசை எப்படி இருக்கும் என்பதைக் காரைப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு ஓர் அளவு இருக்கிறது. முன் சக்கரத்தின் நடுவுக்கும் பின் சக்கரத்தின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் அது. கம்பெனிகள் எல்லா விளம்பரத் தாள்களிலும் இதைப் போடுகின்றன. ஆனால் வாங்குபவர்கள் அதைக் கவனிப்பது இல்லை.

கிரெட்டா எலெக்ட்ரிக் வண்டியில் இந்தத் தூரம் 261 சென்டி மீட்டர். ஐந்து பேருக்கு மேல் அங்கே இடம் இல்லை.

மகிந்திராவின் ஏழு பேர் வண்டியில் 276 சென்டி மீட்டர். கியா காரென்ஸ் கிளாவிஸ் வண்டியில் 278 சென்டி மீட்டர்.

தென் கொரியாவில் தயாராகும் கியா இ.வி.9 வண்டியில் இது 310 சென்டி மீட்டர்! அதில் மூன்று வரிசை ஆசனங்கள் உண்டு. பெரியவர்களும் பின்னால் உட்காரலாம். ஆனால் 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ரூ.1 கோடியே 30 லட்சம்!

அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனிக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். அதன் மாடல் ஒய் வண்டியில் இந்தத் தூரம் 289 சென்டி மீட்டர். அதற்குள்ளேயே 2021-ல் மூன்றாவது வரிசையையும் நுழைத்து, ஏழு பேர் வண்டி என்று அமெரிக்காவில் விற்றார்கள். "இது குழந்தைகளுக்குத்தான் சரி" என்று சோதித்துப் பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். பிறகு 2025 ஆகஸ்டில் சீனாவில் புதிய ரகம் ஒன்றை டெஸ்லா வெளியிட்டது. இந்தத் தடவை சக்கரங்களுக்கு நடுவே 15 சென்டி மீட்டரைக் கூட்டி, 304 ஆக்கினார்கள். ஆசனங்களைக் கூட்டினார்களா? இல்லை. ஏழில் இருந்து ஆறாகக் குறைத்தார்கள்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இடம் இல்லாத இடத்தில் ஆசனத்தைப் போட்டால் எண்ணிக்கை கூடும். உட்காருபவர் பாடு குறையாது.

மோட்டார் எங்கே இருக்கிறது?

மின்சார மோட்டார் சிறியதுதான். ஆனால் அதையும் எங்காவது வைத்தாக வேண்டும். சில வண்டிகளில் அது முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. சிலவற்றில் பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. விலை கூடிய வண்டிகளில் முன்னும் பின்னும் இரண்டு மோட்டார்கள் உண்டு.

பின் சக்கரங்களுக்கு மேலேதான் மூன்றாவது வரிசை வரும். அங்கே மோட்டாரும் இருந்தால் இருவருக்கும் இடத் தகராறு! காரென்ஸ் கிளாவிஸ் வண்டியில் மோட்டார் முன்னால் இருக்கிறது. மகிந்திரா வண்டியில் பின்னால் இருக்கிறது. இரண்டு வண்டிகளையும் பார்ப்பவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இந்த வித்தியாசத்தைச் சோதிக்கலாம்.

டாட்டா கம்பெனியின் ஹாரியரும் சபாரியும் அண்ணன் தம்பி போன்றவை. இரண்டுக்கும் சக்கர இடைவெளி ஒன்றே, 274 சென்டி மீட்டர். சபாரியில் மூன்று வரிசை உண்டு. ஆனால் கம்பெனி 2025-ல் மின்சாரத்துக்கு மாற்றியது ஹாரியரைத்தான். அந்த மின்சார ஹாரியரில் பின்னால் ஒரு மோட்டார் இருக்கிறது. தரைக்கு அடியில் பாட்டரி இருக்கிறது. இவற்றின் மேல் மூன்றாவது வரிசையைப் போடுவது எளிது அல்ல என்பதை இதில் இருந்து யூகிக்கலாம்.

மேடையில் சுழன்ற நாற்காலிகள்

கண்காட்சிகளில் வைக்கப்படும் மாதிரிக் கார்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

2021 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹூண்டாய் கம்பெனி 'செவன்' என்ற மாதிரிக் காரைக் காட்டியது. அதன் உள்ளே வரிசையே இல்லை. சுழலும் நாற்காலிகள் இருந்தன. பின்னால் சோபா போன்ற நீண்ட ஆசனம் இருந்தது. பணக்காரர் வீட்டுக் கூடத்தைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தது போல இருந்தது!

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்த மாதிரி 'ஐயோனிக் 9' என்ற பெயரில் விற்பனைக்கான காராக வந்தது. சோபா எங்கே? காணோம்! எல்லாக் கார்களையும் போல மூன்று வரிசை. ஆறு பேர் அல்லது ஏழு பேர் உட்காரலாம். இரண்டாவது வரிசை நாற்காலியைச் சுழற்றும் வசதி மட்டும் சில ரகங்களில் மிஞ்சியது.

ஏன் இப்படி ஆயிற்று? சாலை விபத்துதான் காரணம். பெல்ட்டும் காற்றுப் பையும் முன்பக்கம் பார்த்து உட்காருபவரை மனதில் வைத்தே அமைக்கப்படுகின்றன. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தவருக்கு அதே பாதுகாப்புக் கிடைக்காது. மேடையில் நிற்கும் கார் எதிலும் மோதாது. சாலையில் ஓடும் கார் மோதலாம்.

ஆகவே, அடுத்த கண்காட்சியில் சுழலும் நாற்காலியைக் கண்டு யாரும் முன்பணம் கட்ட வேண்டாம். நிற்கும் வண்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட அது உதவும். ஓடும் வண்டிக்கு உதவாது.

இடத்தைத் திருடும் வித்தைகள்

என்ஜினீயர்களும் சும்மா இருக்கவில்லை. அங்குலம் அங்குலமாக இடத்தைத் தேடுகிறார்கள்.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 2019-ல் டைகான் என்ற மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அது எஸ்.யு.வி. அல்ல, தாழ்வான கார். அதில் பின்னால் உட்காருபவரின் பாதத்துக்காகப் பாட்டரியிலேயே குழி விட்டார்கள். அந்த இடத்தில் பாட்டரி இல்லை. கால் கீழே இறங்கியது, முழங்காலும் இறங்கியது. ஆனால் குழி விட்ட அளவுக்குப் பாட்டரி வைக்கும் இடம் போய்விடும். காலுக்கு இடமா, பாட்டரிக்கு இடமா என்பதுதான் கேள்வி.

ஹூண்டாய் ஐயோனிக் 5 வண்டியில் முன் ஆசனங்களின் கனத்தையே குறைத்தார்கள். முதுகுப் பலகை மெலிந்தால் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். பின் ஆசனமும் 13 சென்டி மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் நகரும்.

மாருதியின் இ-விட்டாரா வண்டியிலும் பின் ஆசனம் நகரும். 2025 ஆகஸ்டு 26-ந் தேதி குஜராத்தில் அதன் உற்பத்தி தொடங்கியது. அது ஐந்து பேர் வண்டிதான். மூட்டை முடிச்சு அதிகம் இருந்தால் ஆசனத்தை முன்னால் தள்ளலாம். பெரியவர்கள் வந்தால் பின்னால் தள்ளலாம்.

வரப்போகும் வண்டி எப்படி இருக்கும்?

இவற்றை எல்லாம் வைத்துச் சில யூகங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நகரும் ஆசனம் சர்வ சாதாரணம் ஆகிவிடும். செலவு குறைவு, பலன் அதிகம். மூன்று வரிசை வண்டியில் இரண்டாவது வரிசை நகராவிட்டால் மூன்றாவது வரிசைக்கு வாழ்வே இல்லை.

இரண்டாவது, இருபது லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் ஏழு பேர் வண்டிகள் அதிகம் வரும். ஆனால் அவற்றின் கடைசி வரிசை குழந்தைகளுக்கும், சிறிது தூரம் போகும் பெரியவர்களுக்கும்தான் பொருந்தும். சக்கர இடைவெளி முந்நூறு சென்டி மீட்டரை நெருங்கினால் பெரியவர்களுக்கும் இடம் கிடைக்கும். அப்போது விலையும் ஏறும். நம் ஊர்ச் சந்துகளில் வண்டியைத் திருப்புவதும் சிரமம் ஆகும்.

மூன்றாவது, விலை கூடிய வண்டிகளில் ஆறு ஆசனங்களே வரும். நடுவரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு நடுவே ஒரு வழி.

தமிழ்நாட்டிலும் இதற்கு அறிகுறி இருக்கிறது. 2025 ஆகஸ்டு 4-ந் தேதி தூத்துக்குடியில் வின்பாஸ்ட் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 ஆயிரம் வண்டிகள் என்பது ஆரம்பத் திட்டம். இந்தக் கம்பெனி வியட்நாமில் வி.எப்.9 என்ற பெரிய மூன்று வரிசை வண்டியையும், 'லிமோ கிரீன்' என்ற ஏழு பேர் குடும்ப வண்டியையும் விற்பனை செய்தது. முன்னதன் சக்கர இடைவெளி 315 சென்டி மீட்டர். பின்னது 284. நடுத்தரக் குடும்பத்தின் கை எட்டக்கூடியது எது? இரண்டாவது போன்ற வண்டிதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏழைவிட ஆறு பெரிது!

ஆசனம் ஒன்று குறைந்தால் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

ஏழு பேர் வண்டியில் மூன்றாவது வரிசைக்குப் போக, இரண்டாவது வரிசை ஆசனத்தை மடக்கித் தள்ள வேண்டும். பிறகு குனிந்து, வளைந்து, தாண்டிப் போக வேண்டும். பேரனுக்கு அது விளையாட்டு. பாட்டிக்கு அது தண்டனை.

ஆறு பேர் வண்டியில் நடுவே வழி இருக்கிறது. குழந்தைகள் அந்த வழியாகப் பின்னால் போய்விடுவார்கள். தாத்தாவும் பாட்டியும் நடுவரிசையில் ஆளுக்கு ஒரு நாற்காலியில் கை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். யாரையும் எழுப்பி ஆசனத்தை மடக்க வேண்டியது இல்லை.

ஏழு பேர் நெருக்கிக்கொண்டு போவதைவிட ஆறு பேர் சுகமாகப் போவது மேல். ஏழாவது ஆள் எப்போதாவது வருபவர் என்றால், அவருக்கு பஸ் இருக்கிறது, ரெயில் இருக்கிறது.

நட்சத்திரம் சொல்லாத சேதி

கார் விளம்பரங்களில் "ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு" என்று போடுகிறார்கள். அது நல்லதுதான். 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் இந்தியாவிலேயே 'பாரத் என்கேப்' என்ற மோதல் சோதனை நடைபெற்று வருகிறது.

அந்தச் சோதனையில், மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் காரை ஒரு தடுப்பில் மோத விடுகிறார்கள். முன் ஆசனங்களில் பெரியவர் அளவில் இரண்டு பொம்மைகள் இருக்கும். அதற்குப் பின்னால் 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை அளவில் இரண்டு பொம்மைகள் இருக்கும். மூன்றாவது வரிசையில் பொம்மை உட்காருவது இல்லை!

ஆகவே, நட்சத்திரம் வண்டியின் உறுதியைச் சொல்லும். கடைசி வரிசையில் இருப்பவரின் கதியை முழுவதும் சொல்லாது. அதை வாங்குபவரே விசாரிக்க வேண்டும்.

பின்னால் உட்காருபவருக்குப் பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் பிரபல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிர் இழந்தார். அவர் சென்றது விலை உயர்ந்த கார். பின் ஆசனத்தில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். பணமும் காரும் காப்பாற்றவில்லை.

கடையில் சோதிப்பது எப்படி?

கார் பார்க்கப் போகிறவர்கள் வெளியே மின்னும் விளக்கையும், உள்ளே ஒளிரும் திரையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். ஆசனத்தைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு.

முதலில் இரண்டாவது வரிசையில் வீட்டிலேயே உயரமானவரை உட்கார வைத்து, அவருக்கு வசதியான இடத்தில் ஆசனத்தை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைகளில் சில சமயம் இரண்டாவது வரிசையை முன்னால் தள்ளிவைத்து, பின்னால் இடம் இருப்பதாகக் காட்டுவார்கள். அதை நம்பி விடக்கூடாது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தொடைக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கை தாராளமாக நுழைந்தால் அது மணை, நாற்காலி அல்ல.

பாதத்தை முன் ஆசனத்துக்கு அடியில் நீட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சில மின்சாரக் கார்களில் அந்த இடம் மிகக் குறுகலாக இருக்கும்.

தலைக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது அது தேவை.

மூன்றாவது வரிசையில் ஒவ்வொருவருக்கும் தோளில் வரும் பெல்ட் இருக்கிறதா? தலைக்குத் திண்டு இருக்கிறதா? ஜன்னலை ஒட்டி விரியும் காற்றுப் பை கடைசி வரிசை வரை வருகிறதா? குளிர்ந்த காற்று அங்கே வருகிறதா? இந்த நாலையும் கேட்டு, பதிலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது என்றும் கேட்க வேண்டும். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் சிறிய இடம்தான் மிஞ்சும். சில மின்சார வண்டிகளில் முன் மூடிக்கு அடியிலும் பெட்டி வைக்க இடம் உண்டு. அது ஒரு சவுகரியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கார் பார்க்கப் போகும்போது அப்பாவும் மகனும் மட்டும் போகக்கூடாது. பாட்டியையும் அழைத்துப் போக வேண்டும். அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு, எந்த விளம்பரத்தையும்விட நம்பத் தகுந்தது!